ஏழு ஆண்டு உழைத்த கேமிங் கணினியில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 இறுதியில் கூட்டிய கணினி அது. ரைசன் 5 2600 செயலி, பி450 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, விளையாட்டுகளுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க், 550 வாட் பவர் சப்ளை ஆகியவை அதில் இருக்கின்றன. அண்மையில் 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் ஒன்றையும் வாங்கியிருக்கிறீர்கள். புதிய விளையாட்டுகள் திக்கித் திணறுகின்றன. ஒரு நண்பர் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் முழுக் கணினியையும் கழித்துவிடச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டாமவர் சொல்வதை உறுதியாக மறுக்கிறேன். உங்கள் மதர்போர்டில் செயலியைப் பொருத்தும் இடம் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட். 2018 இல் வாங்கிய பலகையில் 2022 இல் வெளிவந்த செயலியைப் பொருத்தும் வசதி கணினி உலகில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. முதலாமவர் சொல்வது பாதி சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாதி எது என்பதை அவராலோ என்னாலோ ஊகித்துச் சொல்ல முடியாது. உங்கள் கணினியை நீங்களே ஒரு மாலைப்பொழுது அளந்து பார்த்தால்தான் அது தெரியவரும்.

திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், இரண்டு பேர் உழைக்கிறார்கள். எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தப் பொருள் எப்படி விழுகிறது, எவற்றையெல்லாம் வரைய வேண்டும் என்பனவற்றைச் செயலி கணக்கிட்டுக் கட்டளைகளாக அடுக்கித் தருகிறது. கிராபிக்ஸ் கார்டு அக்கட்டளைகளின்படி படத்தை வரைகிறது. கொத்தனார் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், செங்கல் எடுத்துக் கொடுப்பவரின் வேகத்தை மீறிச் சுவர் எழாது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் இருவருமே தத்தம் வேலையை 16.7 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். உங்கள் புதிய மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த 144 ஃபிரேம் வேண்டுமானால் அந்த அவகாசம் 6.9 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டின் சுமையை அமைப்புகளைக் குறைத்துப் பெருமளவு இறக்கிவிடலாம். செயலியின் சுமையை அந்த அளவுக்குக் குறைக்க வழியில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் போதுமானதாக இருந்த செயலி 144 ஹெர்ட்ஸ் திரையில் திடீரெனப் பழசாகிப்போவதற்கு இதுவே காரணம்.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளையும் அதனுடன் வரும் ரிவாடியூனரையும் நிறுவி, ஃபிரேம் எண்ணிக்கை, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, அதன் நினைவகப் பயன்பாடு, ரேம் பயன்பாடு, இரண்டு சில்லுகளின் வெப்பநிலை ஆகியவை திரையின் ஓரத்தில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க் அமைப்பையும் ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, உங்களைத் தொல்லைப்படுத்தும் விளையாட்டின் மிகக் கடினமான இடத்தில், அதாவது கூட்டம் நிறைந்த நகரத் தெருவிலோ பெரிய சண்டையிலோ, கால் மணி நேரம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் அந்த இடத்தில் கணினியைத் தாமதப்படுத்துவது கார்டு. 60, 70 என்று தாழ்ந்து ஊசலாடினால் அது செயலிக்காகக் காத்திருக்கிறது.

அடுத்து, மற்ற எந்த அமைப்பையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 720பி ஆகக் குறைத்து, அதே இடத்தில் மீண்டும் விளையாடிப் பாருங்கள். கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், செயலியின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே அப்போது கிடைக்கும் எண்ணிக்கை, கார்டு இன்னமும் முழுச் சுமையில் இல்லாத வரை, உங்கள் செயலியின் உச்ச வரம்பு. அந்த எண் 75 என்று வந்தால், உலகின் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்தினாலும் அந்த விளையாட்டின் அந்த இடத்தில் 75ஐ ஒட்டித்தான் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே, ஒரு செலவும் இல்லாமல், வாங்கிய பின் நடக்கப்போவதைச் சொல்லிவிடும் எண் அது. ஐந்து விளையாட்டுகளுக்கு அதைக் குறித்து வைத்துக்கொண்டால் உங்கள் முடிவில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் உண்டு. டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு, செயலி பாதி ஓய்வில் இருக்கிறது, குறை வேறெங்கோ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உங்கள் செயலியில் 6 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்கள்). விளையாட்டின் முதன்மை வேலை ஒரே த்ரெட்டில் நடந்து, அது முழுமையாகத் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். ஆகவே அந்தச் சராசரியை நம்பாதீர்கள். கார்டு காத்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அளக்காமல் வாங்கினேன். என்னிடம் இருந்தது 4 கோர், 4 த்ரெட் செயலி. கார்டை மாற்றியதும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. ஆனால் நகரத்துக்குள் வண்டியோட்டிச் செல்லும்போது எந்தத் திருப்பத்தில் படம் ஒரு கணம் உறைந்ததோ, அதே திருப்பத்தில் அதே போல் உறைந்தது. சராசரி என்பது அந்த உறைவை மறைத்துவிடும் எண். கண்ணுக்கு உறுத்துவது மிக மெதுவான ஃபிரேம்கள்தான். அவற்றைக் காட்டும் ‘1 சதவீதத் தாழ்வு’ என்ற அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற கருவிகள் அதை வரைபடமாகவே தருகின்றன.

வாங்குவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் கணினியில் அவற்றில் ஒன்றாவது விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 3200 என்று எழுதப்பட்ட ரேம், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நாமே இயக்காதவரை, பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். ஏழு ஆண்டுகளாக அப்படியே ஓடிய கணினிகளை நான் கண்டிருக்கிறேன். மற்ற செயலிகளைவிட உங்கள் செயலியை இது அதிகமாகப் பாதிக்கும். ரைசன் 5 2600 இன் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே 8 எம்பி மூன்றாம் நிலைக் கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம்) மட்டுமே உண்டு. ஒரு குழு மறு குழுவுடன் பேச வேண்டுமானால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்னும் இணைப்பின் வழியே செல்ல வேண்டும். அந்த இணைப்பின் வேகம் ரேமின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் 2133 இல் ஓடினால் இணைப்பு 1066 மெகாஹெர்ட்ஸ், 3200 இல் ஓடினால் 1600 மெகாஹெர்ட்ஸ். ஆக, ரேமைத் தாழ்ந்த வேகத்தில் விட்டால் செயலியின் உள்வழிகளையும் சேர்த்தே அடைத்துவிடுகிறோம். எக்ஸ்எம்பியை இயக்கிய பின் கணினி நிலையாக நிற்கவில்லையென்றால் 2933 ஐத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தத் தலைமுறைச் செயலிக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட வேகம் அதுதான். இரண்டு ரேம்களும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துளைகளில் இருக்கின்றனவா என்பதையும் பலகையின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மானிட்டரை விண்டோஸ் அமைப்புகளில் 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றினீர்களா? மாற்றாதவரை அது 60 இலேயே இருக்கக்கூடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, மானிட்டரில் திரையின் வேகத்தை ஃபிரேம்களின் வேகத்தோடு பொருத்தும் ஃப்ரீசிங்க் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். 2019 சனவரி முதல் என்விடியாவின் டிரைவர் மென்பொருள் உங்கள் 1060 இலும் அதை அனுமதிக்கிறது. ஃபிரேம் எண்ணிக்கை ஏறியிறங்கும்போது கண்ணுக்குத் தெரியும் கிழிசலும் அதிர்வும் அதனாலேயே பெருமளவு அடங்கிவிடும். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பிப்பதும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை. வெப்பத்தால் வேகம் குறைந்து ஓடும் சில்லை வைத்து அளந்தால் அளவே பொய்யாகிவிடும்.

இவற்றுக்குப் பிறகும் உங்கள் 1060, 1080பி இல் முழுச் சுமையில்தான் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். 2016 சூலையில் வெளிவந்த அந்தக் கார்டு தன் காலத்துக்கும் அப்பால் உழைத்துவிட்டது. விளையாட்டுகளின் குறைந்தபட்சத் தேவை ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறுவதில்லை, கன்சோல் தலைமுறை மாறும்போது ஒரே தாவலாகத் தாவுகிறது. 2013 இன் பிளேஸ்டேஷன் 4 இல் வலுவற்ற கோர்களும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தவரை, நம் கணினிகள் அதை எளிதாக மிஞ்சி நின்றன. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 இலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் ஏஎம்டியின் ஜென் 2 வகைக் கோர்கள் எட்டு, 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் எல்லாம் இருக்கின்றன. நிறுவனங்கள் பழைய கன்சோல்களுக்கான பதிப்பை நிறுத்தியபோது, அவற்றோடு சேர்த்து நம் பழைய கார்டுகளையும் கைவிட்டன. 2025 இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை. உங்கள் கார்டில் அது கிடையாது. 6 ஜிபி நினைவகமும் புதிய விளையாட்டுகளில் பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் டெக்ஸ்சர் படங்களுக்குப் போதவில்லை. அதன் தலைமுறைக்கான புதிய விளையாட்டு டிரைவர்களையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

புதிய கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பார்க்கும் ஒப்பீட்டு அட்டவணைகள் உங்களுக்கு அப்படியே பொருந்தா. அவை புதிய மதர்போர்டில் எடுக்கப்பட்டவை. உங்கள் பி450 இல் கார்டைச் செருகும் இடம் பிசிஐஇ 3.0 வகைத் துளை. இடைநிலைக் கார்டுகள் பலவற்றில், அந்தத் துளை வழியே தரவு செல்ல, 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களே இருக்கின்றன. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் பலகையில் அவற்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போக்குவரத்துதான் கிடைக்கும். கார்டின் நினைவகம் நிரம்பாதவரை இதனால் பெரிய இழப்பில்லை. நிரம்பிவிட்டால் மிஞ்சிய தரவு ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அந்தக் குறுகிய வழியில் போய்வர வேண்டியிருப்பதால், ஃபிரேம்கள் சரிந்து விழும். ஆகவே 8 தடம், 8 ஜிபி ஆகிய இரண்டும் ஒரே கார்டில் சேர்வதை உங்கள் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 16 தடங்கள் உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை என் முதல் தேர்வு. அதன் மின்தேவை 160 வாட் அளவுதான், உங்கள் பவர் சப்ளை நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். செலவைக் குறைக்க நினைத்தால், 16 தடங்களும் 12 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 ஐப் பழைய கார்டாக வாங்கலாம். ஆனால் முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். இன்டெலின் ஆர்க் பி580 நல்ல கார்டுதான் என்றாலும், பழைய செயலிகளோடு இணைந்தால் அதன் வேகம் எதிர்பாராத அளவு குறைகிறது. உங்கள் 2600 இல் அதைப் பொருத்தவே வேண்டாம்.

செயலிக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 உம் 6 கோர், 12 த்ரெட், 65 வாட்தான். காகிதத்தில் உங்களுடையதுபோலவே தோன்றும். ஆனால் அதில் குழுப் பிரிவினை இல்லை, ஆறு கோர்களும் 32 எம்பி கேஷை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. நான் மேலே விவரித்த அந்த உள்வழித் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 96 எம்பி கேஷ் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ஆகியவை ஏஎம்4 பலகையில் விளையாட்டுக்குக் கிடைக்கும் உச்சம். தேவையான தரவு கேஷிலேயே பெரும்பாலும் இருந்துவிடுவதால் ரேமின் வேகத்தைக்கூட அவை அதிகம் சார்ந்திருப்பதில்லை. இப்போது அவை எளிதில் கிடைப்பதில்லை, கூலரும் தனியே வாங்க வேண்டும். நியாயமான விலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அதற்காகக் காத்துக்கிடக்கவும் வேண்டாம்.

இரண்டில் எதை முதலில் வாங்குவது என்பதை உங்கள் விளையாட்டுகள்தான் தீர்மானிக்க வேண்டும். கதை சொல்லும் பெரிய விளையாட்டுகளை 60 ஃபிரேமில் அழகாகப் பார்க்க விரும்பினால், 720பி சோதனையில் 60க்கு மேல் கிடைத்திருக்கும் வரை, கார்டுதான் முதலில். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளே உங்கள் பொழுதில் பெரும்பகுதி என்றால் செயலி முதலில். அங்கே அமைப்புகளைக் குறைத்தே எல்லோரும் ஆடுவதால் கார்டு பெரும்பாலும் தடையாவதில்லை. கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்குகின்றன. அவை கார்டின் பளுவை மட்டுமே குறைக்கும். செயலி தடையாக இருக்கும் விளையாட்டில் அவற்றை இயக்கிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஹார்டு டிஸ்க்கில் புதிய விளையாட்டுகளை இனி வைக்கவே வைக்காதீர்கள். 2023 இல் வந்த ‘ஸ்டார்ஃபீல்ட்’ எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாகவே அறிவித்தது. விளையாட்டு நடக்கும்போதே அடுத்த பகுதியின் தரவை இழுத்துக்கொள்ளும் புதிய முறைக்கு, ஒவ்வொரு துணுக்கையும் தேட ஏறத்தாழ 10 மில்லிநொடி எடுக்கும் சுழலும் தட்டு ஈடுகொடுக்காது. நீங்கள் சொல்லும் திக்கலில் ஒரு பங்கு இதனால்தான் என்று கருதுகிறேன். பலகையின் எம்.2 துளையில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, 1 டிபி அளவில் ஒன்று போதும். உங்கள் பலகை 3.0 என்பதால் வேகமான 4.0, 5.0 வகைகளுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டாம். எம்.2 துளையைப் பயன்படுத்தும்போது சில பலகைகளில் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் செயலிழக்கும், கையேட்டைப் பாருங்கள்.

ரேமைப் பொறுத்தவரை, விளையாடும்போது 16 ஜிபியில் 14ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் மட்டும் 32 ஜிபி பற்றி யோசிக்கலாம். அதுவும் புதிய செயலி வந்த பிறகு. நான்கு ரேம்களை உயர்வேகத்தில் ஓட்டுவது உங்கள் 2600 க்குக் கடினம்.

பவர் சப்ளையில் வாட் எண்ணைவிட வயதும் தரமும் முக்கியம். ஏழு ஆண்டு வெப்பத்தில் உழைத்த மலிவான பெட்டியில் புதிய கார்டை நம்பி மாட்டாதீர்கள். மாற்றும்போது பழைய பெட்டியின் கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. முனை ஒன்றுபோல் இருந்தாலும் மறுமுனையின் கம்பி அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், பாகங்கள் எரிந்துபோகும்.

உங்கள் இரண்டாம் நண்பரின் அறிவுரை பொருந்தும் கணினிகளும் உண்டு. இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் தலைமுறையின் சாக்கெட்டும் 1151 என்றே அழைக்கப்பட்டாலும் அவருடைய பலகையில் அது ஓடாது. செயலியை மாற்ற நினைத்தால் பலகையும், டிடிஆர்5 க்குப் போனால் ரேமும் சேர்ந்து மாறும். 2025 இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிய பிறகு அது சிறிய செலவல்ல. விண்டோஸ் 10 இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தச் செயலிகளை ஏற்பதில்லை. உங்கள் 2600 ஐ ஏற்கிறது. பயாஸில் எஃப்டிபிஎம் என்னும் பாதுகாப்பு அமைப்பை இயக்கினால் போதும்.

செயலியை மாற்றும் நாளில் மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். பழைய செயலி பொருத்தியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியது திரையையே காட்டாது. வட்டிலுள்ள தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் மீட்புச் சாவியைத் தனியே எழுதி வையுங்கள், ஏனெனில் செயலி மாறும்போது எஃப்டிபிஎம்மில் இருந்த சாவி போய்விடும். கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் சுமையில் ஓட்டிப் பசையை இளக்கி, அணைத்து மின்இணைப்பை நீக்கியபின், கூலரை மெல்ல இடவலமாகத் திருகிப் பிரியுங்கள். ஏஎம்4 செயலியின் கால்கள் அதன் அடியிலேயே இருப்பதால், நேராக மேலே இழுத்தால் காய்ந்த பசையோடு செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும்.

கார்டை மாற்றிய பின் பழைய 1060 ஐ உடனே விற்றுவிடாதீர்கள். 2600 இலும் 5600 இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. புதிய கார்டில் ஏதேனும் குறை இருந்தால், குறை கார்டிலா, பலகையிலா, பவர் சப்ளையிலா என்று பிரித்தறிய உங்கள் கையில் இருக்கும் ஒரே வழி அந்தப் பழைய கார்டுதான். புதியதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரையாவது அதை நிலைமின் தாக்காத உறையில் போட்டு வைத்திருங்கள்.